அலையில்லாத நீரில் ஓர் ஆப்பிரிக்க வெண்கலம்

2012 ஆகஸ்ட் 9. லண்டனுக்கு மேற்கே, விண்ட்சர் கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள டோர்னி ஏரி. ஒலிம்பிக்கில் பெண்கள் ஒற்றையர் கயாக் (துடுப்புப் படகு) 500 மீட்டர் இறுதிப் போட்டி. ஹங்கேரியின் டனூட்டா கோசாக் 1 நிமிடம் 51.456 விநாடியில் முதலாவதாக வந்தார். பெய்ஜிங்கில் இதே போட்டியில் தங்கம் வென்றிருந்த உக்ரைனின் இன்னா ஒசிபென்கோ-ரடோம்ஸ்கா 1:52.685. மூன்றாவதாக 1:52.923 விநாடியில் கோட்டைத் தொட்டவர் தென்னாப்பிரிக்காவின் பிரிஜிட் ஹார்ட்லி.

வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே கால் விநாடிகூட இல்லை. அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் ஒரு மீட்டர் சொச்சம் வரும். ஆனால் அந்த வெண்கலத்துக்கும் ஹார்ட்லி பிறந்த கண்டத்தின் மற்ற வீரர்களுக்கும் இருந்த தூரத்தை மீட்டரில் அளக்க முடியாது. வேகக் கனூப் போட்டி (கயாக்கும் இதில் அடக்கம்) 1936 பெர்லினிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. அதில் ஆப்பிரிக்க நாடு ஒன்று வாங்கிய முதல் பதக்கம் இதுதான். அதற்குப் பிறகு ரியோ, டோக்கியோ, பாரிஸ் என மூன்று ஒலிம்பிக்குகள் போய்விட்டன. இரண்டாவது இன்னும் வரவில்லை.

இதைப் படிக்கிற யாருக்கும் உடனே ஒரு கேள்வி எழும். ஆப்பிரிக்காவில் படகுக்கு என்ன பஞ்சம்? நைல், நைஜர், காங்கோ, ஜாம்பெசி எல்லாம் அங்கேதானே ஓடுகின்றன. செனகலின் செயின்ட் லூயி நகரில் மீனவப் பேட்டைகளுக்கு இடையே நடக்கும் பிரோக் படகுப் பந்தயத்தில் ஊரே கரையில் நிற்கும். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ சதுப்பில் மொகொரோ என்னும் மரக்குடைவு ஓடத்தைக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். நைஜீரியாவின் லாகோஸில் மகோக்கோ குடியிருப்பே தண்ணீருக்கு மேல் நிற்கிறது. அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறார்கள். இத்தனை இருந்தும் ஒரே ஒரு வெண்கலம். எதிர்ப்பக்கம், கடலே இல்லாத ஹங்கேரி இந்த விளையாட்டின் வல்லரசு.

நீர் வளத்தை வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடினால் கிடைக்காது. ஒலிம்பிக் கயாக் என்பது ஆற்றிலிருந்து ஆற்றை எடுத்துவிட்டு நடத்துகிற போட்டி. ஓட்டம் இல்லை, சுழி இல்லை, பாறை இல்லை, காற்றுகூட இல்லாமல் இருந்தால் நல்லது. மிதவைகள் கட்டிப் பிரித்த நேர்த் தடங்கள், அசையாத தண்ணீர், நூறிலும் ஆயிரத்திலும் ஒரு பங்கு விநாடியைப் பிடிக்கிற கேமரா. ஆற்றங்கரைப் பிள்ளைக்கு ஆற்றைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி இங்கே உதவாது. ஹார்ட்லியின் விளையாட்டு வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முதலில் இதைத்தான் மனதில் வாங்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொண்டு போவோம். நம் பத்திரிகைகள் ஒலிம்பிக் சமயத்தில் எல்லாவற்றையும் ‘படகுப் போட்டி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். உண்மையில் அவை வேறு வேறு. ரோயிங் என்பது தண்டு வலிப்பது. ஆள் அமரத்தைப் பார்த்து உட்காருவார். படகு அவர் முதுகுப் பக்கமாகப் போகும். தண்டு படகோடு பூட்டப்பட்டிருக்கும். கயாக்கிலும் கனூவிலும் ஆள் அணியத்தைப் பார்த்து முன்னோக்கி இருப்பார். துடுப்பைத் தாங்குவது கைகள் மட்டுமே, படகில் எந்தப் பிடிமானமும் இல்லை. கயாக்கில் உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பை மாற்றி மாற்றிப் போடுவார்கள். கனூவில் ஒற்றை முழங்காலில் மண்டியிட்டு, ஓரலகுத் துடுப்பை ஒரே பக்கம் போடுவார்கள். இவை இரண்டிலும் தட்டையான நீரில் நடப்பது வேகப் போட்டி. வெள்ளம் சீறுகிற செயற்கை ஓடையில் கம்பங்களுக்கு நடுவே புகுந்து வருவது ஸ்லாலம்.

ஸ்லாலத்தைச் சேர்த்துக்கொண்டால் ஆப்பிரிக்காவின் கணக்கில் இன்னொரு பதக்கம் உண்டு. 2008 பெய்ஜிங்கில் டோகோவுக்காக பெஞ்சமின் பூக்பெட்டி வெண்கலம் வென்றார். டோகோ என்ற நாட்டுக்கே அது முதல் ஒலிம்பிக் பதக்கம். கோட்டைத் தாண்டிய சந்தோஷத்தில் துடுப்பைப் படகின் மேல் அடித்து இரண்டாக உடைத்தார். அந்தக் காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. ஆனால் பூக்பெட்டி பிரான்ஸில் பிறந்து, பிரான்ஸின் ஓடைகளில் பழகியவர். தந்தையின் நாடு டோகோ. பதக்கத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பயிற்சிக்கான ஓடையும் படகும் பயிற்சியாளரும் எங்கே இருந்தன என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஹார்ட்லியின் கதையில் அவற்றில் பாதி உள்ளூரிலேயே இருந்தது. அதுதான் வித்தியாசம்.

படகைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம்.

கே-1 என்று சொல்லப்படும் ஒற்றையர் கயாக் அதிகபட்சம் 5.20 மீட்டர் நீளம் இருக்கலாம். எடை 12 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒரு காலத்தில் அகலத்துக்கும் குறைந்தபட்ச அளவு இருந்தது, 51 சென்டிமீட்டர். சிட்னி ஒலிம்பிக்குக்குப் பிறகு அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து படகு ஒடுங்கிக்கொண்டே வந்து, இன்றைக்கு ஆள் உட்காரும் இடத்தில் இடுப்பு கொள்கிற அளவுதான் இருக்கிறது. அடிப்பாகம் வாழைத்தண்டு மாதிரி உருண்டை. முதல் தடவை ஏறுகிறவர் துடுப்பை எடுப்பதற்குள் தண்ணீரில் இருப்பார். நிற்கிற கயாக் கவிழத்தான் பார்க்கும். ஓடினால்தான் நிதானம், சைக்கிள் மாதிரி.

உள்ளே ஒரு சின்ன இருக்கை, பாதத்தை ஊன்ற ஒரு பலகை, இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு குச்சி. அந்தக் குச்சி கம்பிகள் வழியாக அடியில் இருக்கும் சுக்கானோடு இணைந்திருக்கிறது. கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் படகு திரும்பும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கை விளையாட்டு என்று தோன்றும். இடது துடுப்பு நீரில் இறங்கும்போது இடது கால் பலகையை உதைக்கிறது. அந்த உதை இடுப்பைத் திருப்புகிறது. இடுப்பு முதுகைத் திருப்புகிறது. கடைசியில் கைக்கு வருவது மிச்சம் மட்டும். துடுப்பின் அலகு கால்விரல் பக்கம் நீரில் இறங்கி, இடுப்பருகே வெளியே வந்துவிட வேண்டும். விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு வீச்சு. ஒரு வீச்சில் தோள் கொஞ்சம் சரிந்தாலும் படகு ஆடும். ஆடுகிற படகு ஓடாது.

துடுப்பும் பழைய துடுப்பு இல்லை. 1980களில் ஸ்வீடனில் உருவான சிறகுத் துடுப்பு வந்தபிறகு எல்லாம் மாறிவிட்டது. அலகு தட்டையாக இல்லாமல், விமானத்தின் இறக்கை மாதிரி வளைந்து ஒரு விளிம்பில் குவிந்திருக்கும். நேராகப் பின்னால் இழுக்காமல் படகிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து இழுத்தால், அலகு தண்ணீரில் வழுக்காமல் ‘நின்று’ பிடிக்கும். துடுப்பு நின்ற இடத்தில் நிற்க, படகு அதைத் தாண்டிப் போகும். இந்த விளையாட்டில் இருப்பவர்கள் துடுப்பை இழுக்காதே, படகை அதன் பக்கத்துக்குக் கொண்டுபோ என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள்.

இப்படி உழைத்தும் படகு ஒரு கட்டத்தில் தானே எழுப்பிய அலையைத் தானே ஏற வேண்டியிருக்கும். வேகம் கூடக் கூட அந்த அலை பெரிதாகும். அதனால்தான் விநாடிக்கு 4.4 மீட்டரிலிருந்து 4.5 மீட்டருக்கு ஏற்றுவது, 3.4 மீட்டரிலிருந்து 3.5க்கு ஏற்றுவதைவிடக் கஷ்டம். கோசாக்கும் ஹார்ட்லியும் முடித்ததில் ஒன்றரை விநாடிதான் வித்தியாசம் என்று எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ண வேண்டும். அந்த ஒன்றரை விநாடிக்குப் பின்னால் ஹங்கேரியில் ஊருக்கு ஊர் இருக்கும் படகுக் கழகங்களும் பல தலைமுறைப் பயிற்சியும் நிற்கின்றன.

ஹார்ட்லி 1983 ஜூலை 14-ல் பிறந்தவர்; ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக்காரர். பயிற்சி எடுத்தது பிரிட்டோரியாவில். ஊருக்கு வடகிழக்கே ரூடெப்ளாட் என்றொரு அணை இருக்கிறது. கடல்மட்டத்துக்கு 1,200 மீட்டருக்கு மேல் உள்ள பீடபூமி நீர். தென்னாப்பிரிக்காவின் ரோயிங்காரர்களும் வேகக் கயாக்காரர்களும் பழகுகிற நீர் அதுதான். பயிற்சியாளர் நாந்தோர் அல்மாஷி, ஹங்கேரிக்காரர். ஆக, தண்ணீர் ஆப்பிரிக்காவுடையது. அந்தத் தண்ணீரில் எப்படித் துடுப்புப் போடுவது என்ற அறிவு டான்யூப் கரையிலிருந்து வந்தது.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வேகக் கயாக்கில் பெயர் எடுத்த பல நாடுகள் ஹங்கேரியிலிருந்தோ, பழைய கிழக்கு ஜெர்மனியிலிருந்தோ, சோவியத் நாடுகளிலிருந்தோ யாரையாவது கூட்டி வந்து கற்றுக்கொண்டவைதான். புத்தகத்தில் படித்து வரக்கூடிய வித்தை இல்லை இது. எத்தனை கிலோமீட்டர், எந்த வாரம், எந்த வேகத்தில், எப்போது ஓய்வு என்ற கணக்கு ஆட்களோடுதான் பயணம் செய்கிறது.

பருவமும் ஒரு சிக்கல். உலகக் கோப்பைப் பந்தயங்கள் ஐரோப்பாவில் மே மாதம் தொடங்கும். உலகச் சாம்பியன்ஷிப் ஆகஸ்ட் வாக்கில் வரும். அது தென்னாப்பிரிக்காவின் குளிர்காலம். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் ஜூன், ஜூலை விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். உச்சத் தயார்நிலைக்கான கடைசி வாரங்களை அந்தக் குளிரில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் ஐரோப்பாவில் தங்க வேண்டும். படகைக் கையோடு கொண்டுபோகவும் முடியாது. ஐந்து மீட்டர் நீளச் சாமானை எந்த விமானத்தில் ஏற்றுவது? போகிற இடத்தில் வாடகைக்கு எடுக்க வேண்டியதுதான். இருக்கையை அரை அங்குலம் முன்னே பின்னே நகர்த்தி, கால்பலகையைச் சரிபார்த்து, தன் உடம்புக்கு அந்நியப் படகைப் பழக்கிவிட்டுத் தொடக்கக் கோட்டுக்குப் போகிறார்கள். நல்ல கார்பன் படகு ஒன்றின் விலை சில லட்ச ரூபாய். உலகத்தின் பெரிய கயாக் தயாரிப்பாளர்களில் முதலில் சொல்லப்படும் நெலோ, போர்ச்சுகலின் விலா டோ கொண்டே என்ற கடற்கரை ஊரில் இருக்கிறது.

முதல் பெரிய அடையாளம் 2009-ல் வந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் டார்ட்மவுத் நகரின் பானூக் ஏரியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் கே-1 1000 மீட்டரில் ஹார்ட்லி வெண்கலம் வென்றார். உலகச் சாம்பியன்ஷிப்பின் வேகப் பிரிவில் ஆப்பிரிக்கர் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம் அது. ஆனால் பெண்களுக்கு 1000 மீட்டர் ஒலிம்பிக்கில் கிடையாது. 1948 முதல் அவர்களுக்கு இருந்த தனிநபர் தூரம் 500 மீட்டர்தான். லண்டனில் அதோடு 200 மீட்டர் சேர்ந்தது. தன்னுடைய சிறந்த தூரம் ஒலிம்பிக்கில் இல்லாத ஒருத்தி, பாதித் தூரத்துக்குத் தன்னைக் குறுக்கிக்கொள்ள வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் இது சாதாரணமாகத் தெரியும். ஆயிரம் மீட்டர் போகிறவருக்கு ஐந்நூறு கஷ்டமா? கஷ்டம்தான். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற பந்தயத்தில் முதல் பத்து, பதினைந்து வீச்சுகளிலேயே படகை முழு வேகத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அங்கே தவறவிட்டதை நடுவில் திரும்ப வாங்க வழி குறைவு. மறுபக்கம், அந்த இரண்டு நிமிட உழைப்பில் பாதிக்கு மேல் மூச்சுக்காற்றின் வழியாகத்தான் வருகிறது. ஆகவே கடைசி 150 மீட்டரில் நெடுந்தூரக்காரர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. ஹார்ட்லியிடம் இரண்டாவது பாதி இயல்பாகவே இருந்தது. அவர் சம்பாதிக்க வேண்டியிருந்தது முதல் பாதியை. பெய்ஜிங் 2008-க்குப் போய்ப் பதக்கம் இல்லாமல் திரும்பியவர், நான்கு வருடம் கழித்து மேடை ஏறியதை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

நெடுந்தூரம் என்றதும் தென்னாப்பிரிக்கப் படகுக்காரர்களின் உண்மையான காதலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதன் பெயர் டூசி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை, ம்சுண்டூசி, உம்கெனி ஆறுகளின் வழியாக, சுமார் 120 கிலோமீட்டர், மூன்று நாள். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் டர்பனில், உம்கெனி கடலில் சேரும் கழிமுகத்தில் போய் முடியும். ஆறு வளைகிற இடத்தில், வளைவைச் சுற்றிப் போவதைவிடப் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றின் மேல் ஓடுவது சீக்கிரம் என்றால், ஓடுவார்கள். பாதிப் படகோட்டம், பாதி மலையோட்டம்.

இதைத் தொடங்கியவர் இயன் பிளேயர். வெள்ளைக் காண்டாமிருகத்தை அழிவிலிருந்து காப்பாற்றியவர்களில் முன்னணியில் நின்றவர் என்று பிற்காலத்தில் உலகம் அறிந்த அதே ஆள். 1951 டிசம்பரில் நடந்த முதல் பந்தயத்தில் எட்டுப் பேர் கிளம்பினார்கள். டர்பன் போய்ச் சேர்ந்தது பிளேயர் ஒருவர் மட்டும். ஆறு நாளுக்கு மேல் ஆனது. வழியில் பாம்பு கடித்தும் விடாமல் போனார். அப்படி ஒரு பிறப்புக் கதை உள்ள பந்தயத்தின் மேல் ஒரு நாட்டுக்கு மோகம் வருவதில் ஆச்சரியம் என்ன?

அந்த மோகத்தின் விளைவாக நெடுந்தூர கயாக்கில் தென்னாப்பிரிக்கா உலக வல்லரசு. டர்பன்காரர் ஹாங்க் மெக்ரெகர் நெடுந்தூர உலகப் பட்டங்களை அடுக்கிக்கொண்டே போனவர். ஆனால் நெடுந்தூரம் ஒலிம்பிக்கில் இல்லை. அதோடு அது கற்றுத் தரும் சாமர்த்தியங்களில் ஒன்று வேகப் போட்டியில் குற்றமாகவே ஆகிவிடுகிறது. நெடுந்தூரத்தில் முன்னே போகும் படகு எழுப்பும் அலையின் மேல் தன் அணியத்தை ஏற்றி வைத்துக்கொண்டு, அதன் தள்ளலில் குறைந்த உழைப்பில் போவதுதான் கலை. எப்போது பின்னால் ஒட்டுவது, எப்போது விலகி முந்துவது என்பதில்தான் பந்தயமே இருக்கிறது. வேகப் போட்டியில் தன் தடத்தின் நடுவை விட்டு விலகக் கூடாது, பக்கத்துப் படகின் அலையைத் தொடக் கூடாது. யாரையும் ஏய்க்க வழியில்லை. தனியாக, நேராக, கடைசி வரை. ஒரு தென்னாப்பிரிக்கப் பெண் வேகக் கயாக்கைத் தேர்ந்தெடுத்தால், தன் நாட்டார் கொண்டாடுவதை ஓரம் வைத்துவிட்டு, அவர்கள் அவ்வளவாகக் கவனிக்காத ஒன்றுக்குப் போகிறார் என்று பொருள். கிரிக்கெட் ஊரில் கைப்பந்து ஆடுவது போல.

நிறத்தைப் பற்றியும் பேச வேண்டும். இனவொதுக்கலுக்காகத் தென்னாப்பிரிக்கா 1964 முதல் 1988 வரை ஒலிம்பிக்கிற்கு வெளியே நின்றது. 1992 பார்சிலோனாவில்தான் திரும்பியது. படகும் கழகமும் அணைக்கரை வீடுமாக கயாக் பல காலம் வெள்ளையர்களின் விளையாட்டாகவே இருந்தது. டூசி ஓடும் பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள் ஜூலு மக்கள்; பந்தயம் அவர்கள் வாசல் வழியாகத்தான் போனது. அந்தப் பந்தயத்தைக் கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலாக வென்றது 2014-ல்: ஆண்டி பிர்கெட்டோடு இரட்டையரில் துடுப்புப் போட்ட ஸ்போனெலோ சோண்டி. பிளேயர் டர்பன் போய்ச் சேர்ந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஹார்ட்லியின் பதக்கத்தை ‘ஆப்பிரிக்காவின் முதல்’ என்று எழுதும்போது, அந்த ஆப்பிரிக்காவில் யாருக்குப் படகு கிடைத்தது என்பதும் அதே வரியில் இருக்கிறது. அதனால் அவர் துடுப்புப் போட்டது குறைந்துவிடாது; தொடர்ச்சி ஏன் வரவில்லை என்பது மட்டும் கொஞ்சம் விளங்கும்.

லண்டனில் தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்தவை மொத்தம் ஆறு பதக்கங்கள். கேமரன் வான் டெர் பர்க் நீச்சலில் தங்கம்; சாட் லெ க்ளோஸ் நீச்சலில் ஒரு தங்கம், ஒரு வெள்ளி; எடைக் கட்டுப்பாட்டுப் பிரிவு ரோயிங்கில் நால்வர் அணிக்குத் தங்கம்; ஹார்ட்லிக்கு வெண்கலம். ஆறில் ஐந்து தண்ணீரிலிருந்து வந்தவை! மீதி ஒன்று 800 மீட்டர் ஓட்டத்தில் காஸ்டர் செமன்யாவின் வெள்ளி. முதலில் வந்த ரஷ்யர் ஊக்கமருந்தில் சிக்கியதால் பின்னால் அது தங்கமானது. ரோயிங் நால்வர் வென்றதும் அதே டோர்னி ஏரியில்தான், ஒரு வாரம் முன்னால். ஈட்டன் கல்லூரி தன் மாணவர்களுக்காக வெட்டிய 2,200 மீட்டர் செயற்கை ஏரி அது. ரூடெப்ளாட் அணையில் பழகிய இரண்டு கூட்டம் ஒரே வாரத்தில் அங்கே மேடை ஏறியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நீர், உடற்பயிற்சிக் கூடம், மருத்துவர், அளவீடு எல்லாம் பிரிட்டோரியாவைச் சுற்றி ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன.

மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஒலிம்பிக்கிற்கு வருகிறவர்களின் வழி வேறு. ஒலிம்பிக் இடங்களில் பெரும்பாலானவை முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன்ஷிப்பில் முடிவாகிவிடும். கொஞ்சம் இடங்களைக் கண்டம் வாரியாக ஒதுக்கி வைப்பார்கள். அங்கோலாவின் ஃபோர்துனாட்டோ பக்காவிரா, மொசாம்பிக்கின் ஜுவாக்கிம் லோபோ, சாவோ டோமேயின் பூலி திரிஸ்டே போன்றவர்களை நாம் பார்த்தது அந்த வழியில்தான். சாவோ டோமேயின் மக்கள்தொகை இரண்டு லட்சம் சொச்சம். மரத்தைக் குடைந்த ஓடத்தில் மீன் பிடிக்கப் போகிற தீவு. அங்கிருந்து ஒருவர் ரியோவின் தொடக்கக் கோட்டில் நிற்கிறார். தகுதிச் சுற்றில் கடைசியாக வருகிறார். தொலைக்காட்சியில் பத்து விநாடி. ‘இவர்களுக்கு எதற்கு இடம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. அந்தப் பத்து விநாடி இல்லாவிட்டால் அந்தத் தீவில் கார்பன் கனூ என்று ஒன்றை யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தென்னாப்பிரிக்காவுக்கு இந்தக் கண்ட ஒதுக்கீடே அப்போது பிடிக்கவில்லை. ஆப்பிரிக்காவில் முதலாவதாக வந்தால் போதாது, உலகத் தரத்தில் நின்று இடம் வாங்க வேண்டும் என்று அதன் ஒலிம்பிக் குழு பல காலம் பிடிவாதமாக இருந்தது. 2016 ரியோவுக்கு ஆப்பிரிக்கச் சாம்பியன்களாகத் தகுதி பெற்ற தங்கள் ஆண், பெண் ஹாக்கி அணிகளையே அனுப்ப மறுத்துவிட்டது. இந்தக் கண்டிப்பு ஒரு ஹார்ட்லியைக் கூர்மையாக்கியிருக்கலாம். ஆனால் உலகத்தில் இருபதாவது இடத்தில் தடுமாறிக்கொண்டிருந்த இருபது வயதுக்காரருக்கு அது கதவைச் சாத்தியது. ஒலிம்பிக் அனுபவம் இல்லாமல் அவர் பதினைந்தாவது இடத்துக்கு எப்படி வருவார்? இந்த விஷயத்தில் நான் சாவோ டோமே பக்கம்.

ஹார்ட்லி ரியோவுக்கும் போனார். மூன்றாவது ஒலிம்பிக், வயது 33. பதக்கம் இல்லை. அங்கே கோசாக் கே-1, இருவர் ஓட்டும் கே-2, நால்வர் ஓட்டும் கே-4 மூன்றிலும் தங்கம் வென்று, இந்தத் தூரத்தைத் தன் சொந்த வீட்டு முற்றம் போல ஆக்கிவைத்திருந்தார். லண்டனில் வெள்ளி வாங்கிய ஒசிபென்கோ-ரடோம்ஸ்கா அதற்குள் அஜர்பைஜான் வீராங்கனையாகியிருந்தார். 200 மீட்டரில் வெண்கலம். பணமும் வசதியும் தருகிற நாட்டுக்கு வீரர்கள் போவது இந்த விளையாட்டில் புதிதல்ல. ஹார்ட்லி அப்படி எங்கும் போகவில்லை. வேகப் போட்டியின் பரபரப்பு அடங்கியபின் தன் நாட்டார் நேசிக்கிற ஆற்றுப் பந்தயங்களுக்கே திரும்பினார்; டூசியிலும் துடுப்புப் போட்டார். படகைத் தூக்கிக்கொண்டு குன்றில் ஓடும் அந்தக் கூட்டத்தில் ஒலிம்பிக் வெண்கலத்துக்குத் தனிச் சலுகை கிடையாது.

அடுத்த பதக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், கயாக்கிலிருந்து வராது என்றே சொல்வேன். கே-1-ல் ஐரோப்பாவும் நியூசிலாந்தும் வைத்திருக்கும் முன்னணியை எட்ட, இன்னொரு ரூடெப்ளாட்டும் இன்னொரு அல்மாஷியும் பத்து வருடமும் வேண்டும். பெண்கள் கனூ அப்படியில்லை. பெண்கள் மண்டியிட்டு ஓரலகுத் துடுப்புப் போடும் சி-1, டோக்கியோவில்தான் முதன்முதலாக ஒலிம்பிக்குக்குள் வந்தது. எண்பது வருடம் முன்னே ஓடியவர்கள் என்று அங்கே யாரும் இல்லை. தவிர, மண்டியிட்டு ஒரு பக்கம் துடுப்புப் போடுவது ஆப்பிரிக்க மீனவப் பேட்டைகளுக்கு ரொம்பவும் அந்நியமான அசைவு அல்ல.

நைஜீரியாவின் அயோமிடே பெல்லோ 2002-ல் பிறந்தவர். மொரோக்கோவில் 2019-ல் நடந்த ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கம் வென்று, டோக்கியோவில் சி-1 200 மீட்டரில் இறங்கினார். இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. அந்தப் போட்டியில் 45.932 விநாடியில் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் நெவின் ஹாரிசன். வேகக் கனூவில் அமெரிக்கா ஒரு பெரிய பெயரே இல்லை. ஹாரிசன் பிறந்ததும் 2002-ல்தான்.